எண்கள் மட்டும் தெரிந்தன

அக்காவின் கைப்பேசி ஒரு பாலித்தீன் பைக்குள் இருந்தது. தீவனத் தூசி உள்ளே போகாதபடி பையின் வாயை ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். பையைப் பிரிக்காமல், அதன் மேலேயே விரலைத் தேய்த்து, அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த மருந்துத் தாளைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அட்டவணையின் கோடுகள் ஒழுங்காக இருந்தன. கட்டங்களுக்குள் இருந்ததைத்தான் எந்த மொழி என்று சொல்வது எனத் தெரியவில்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள், நடுநடுவே பவுண்டுக் குறி, ஒரு கேள்விக்குறி தலைகீழாக. அந்தக் குப்பைக்கு இடையில் முப்பது, பத்து என்று எண்கள் மட்டும் கழுவி வைத்த பாத்திரம் போலச் சுத்தமாக நின்றன.

“இதுல தமிழு எங்க இருக்குதுன்னு நீங்களே காட்டுங்க அம்மிணி. எனக்குத்தான் படிக்கத் தெரியாதாமா,” என்றார்.

மோகனூர் சாலையில் இருக்கும் அந்தக் கோழிப்பண்ணைக்கு அன்றுதான் நான் முதல்முறையாகப் போயிருந்தேன். படிப்பு முடிந்து, நாமக்கல்லில் உள்ள அவர்களுடைய அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்த புதிது. முட்டைக் கணக்கைப் பண்ணையிலேயே பதிவதற்கு ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் அக்கா என்று அழைக்கும் அவர், அங்கே குஞ்சு செட்டுக்கு, அதாவது குஞ்சு வளர்க்கும் கொட்டகைக்குப் பொறுப்பாளர். சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. பத்தாவது வரை படித்தவர். மதியம் சாப்பிட்டு முடித்ததும் மற்றப் பெண்களுக்கு அன்றைய செய்தித்தாளை வாசித்துக் காட்டுவதும், நடுவே அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்வதும் அவருடைய வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பண்ணையிலேயே அவரைவிட அதிகமாகத் தமிழ் படிக்கிறவர் யாரும் இருந்திருக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்புதான் அந்த மருந்துத் தாள் விவகாரம் நடந்திருந்தது. அதுவரை மருந்தளவுத் தாள்கள் அச்சிட்ட காகிதமாகத் தீவன லாரியோடு வந்துகொண்டிருந்தன. செலவு மிச்சம் என்று அவற்றை பி.டி.எஃப். கோப்பாக மாற்றிக் கைப்பேசிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். முதல் தாள் வந்ததும் அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து, எழுத்தே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். தட்டச்சு செய்யும் அண்ணன் தன் கணினியில் திறந்து பார்த்துவிட்டு, இங்கே எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்று வைத்துவிட்டார். அக்கா மறுபடியும் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. குஞ்சுகள் தண்ணீருக்குக் காத்திருந்தன. வயது வரிசையில்தான் போட்டிருப்பார்கள், குஞ்சுக்கு உரியது முதலில் இருக்கும் என்று எண்ணி, முதல் கட்டத்து முப்பது மில்லியைத் தொட்டித் தண்ணீரில் கலந்தார். முதல் கட்டம் முட்டைக்கோழிகளுக்கு உரியது. அதன் கீழே, இந்த அளவைக் குஞ்சுகளுக்குத் தரக்கூடாது என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரியும் கொம்பும் வாலுமாகத்தான் அக்காவை வந்தடைந்திருந்தது.

மறுநாள் காலையில் செட்டில் பாதிக் குஞ்சுகள் எழவில்லை. மேனேஜர் வந்தார். தண்ணீர்த் தொட்டியின் அருகே எல்லோரையும் நிற்கவைத்து, படிக்கத் தெரியாதவர்களைப் பொறுப்பில் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அடுத்து இறக்கும் குஞ்சுகள் வளர்ந்து கூண்டுக்கு மாறியதும் அக்கா பண்ணைக் குடியிருப்பைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் அங்கேயே சொன்னார். அக்கா கைப்பேசியை நீட்டியிருக்கிறார். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

நான் எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற ஆள். கோபம் வந்தால் இன்னும் அதிகமாக வரிசைப்படுத்துவேன். முதலில் அதே கோப்பை என் கைப்பேசியில் திறந்தேன். அதே குப்பை. ஆகவே அக்காவின் கைப்பேசியில் கோளாறு இல்லை. அடுத்து வேறொரு செயலியில் திறந்தேன். குப்பையின் வடிவம் சற்று மாறியது, அவ்வளவுதான். பிறகு என் மடிக்கணினியில் திறந்து, கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தேன். பழைய தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயர் இருந்தது. பெயர் மட்டும். எழுத்துரு கோப்புக்குள் சேர்க்கப்படவில்லை. இப்படிப்பட்ட பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கருவி கையில் இருக்கிற ஆங்கில எழுத்தைக் காட்டும். எண்களின் இடத்தை யாரும் தொடாததால் அவை அப்படியே வரும். தட்டச்சு அண்ணனின் கணினியில் அந்த எழுத்துரு இருந்தது. அதனால் உலகத்திலேயே அந்தத் தாள் ஒழுங்காகத் தெரியக்கூடிய ஒரே இடத்தில் வைத்து அதைச் சரிபார்த்திருக்கிறார்கள். சேமிக்கும்போது எழுத்துருவையும் உள்ளே சேர் என்று ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். பிறகு வேறு யாருடைய கைப்பேசியிலாவது ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும்.

முழுக்கக் குப்பையாக வந்திருந்தால் அக்கா எதையும் தொட்டிருக்க மாட்டார். எண்கள் தெரிந்ததுதான் ஆபத்து.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் இதை நிதானமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் மேசைக் கணினியிலும் அந்த எழுத்துரு இருந்ததால் அவருக்கும் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. “பாத்துக்கலாம்மா. இந்த ஃபாண்டு கீண்டெல்லாம் ஒரு சாக்கு. தெரிஞ்சவனுக்கு எப்பிடி இருந்தாலும் தெரியும்,” என்றார். தட்டச்சு அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னபோது, மேனேஜர் சொல்லட்டும் என்றார் அந்த அண்ணன்.

இப்போது நான் சேலத்தில் வேறு வேலையில் இருக்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னமும் கைப்பேசியோடு வருகிறார்கள்: பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, பயிற்சி வகுப்பின் பாடக்குறிப்பு, மருந்துக் கடையின் விளக்கத்தாள். எல்லாம் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களாகவோ கொம்பும் வாலுமாகவோ தெரிகின்றன. “எனக்குத்தான் பாக்கத் தெரியலையோ என்னமோ,” என்றுதான் ஒவ்வொருவரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அனுப்பியவர்களிடம் கேட்டால், எங்களுக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்ற அதே பதில். நன்றாகத் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்காகவா ஒருவர் எழுதுகிறார்? பெறுகிறவர்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்க ஆகும் நேரம், ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம். அதைச் செய்யாமல் கண்ணாடி போடச் சொல்கிறார்கள், படிக்கத் தெரியாது என்கிறார்கள்.

அக்கா இன்றும் அந்தப் பண்ணைக் குடியிருப்பில்தான் இருக்கிறார். மேனேஜர் மனமிரங்கி விட்டுவிட்டார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உலவுவதாகச் சமீபத்தில் கேள்விப்பட்டேன். நான் அங்கே இருந்தேன். அப்படி நடக்கவில்லை; ஒருநாள் தொட்டியருகே நடந்ததற்குப் பிறகுதான் அவர் அந்தப் பேச்சை விட்டார்.

அன்று, புதிதாக இறக்கிய குஞ்சுகளுக்கு அடுத்த மருந்து தரவேண்டிய நாள். இந்த முறை தானே முன்னால் நின்று பார்ப்பதாகச் சொல்லி மேனேஜர் பண்ணைக்குக் கிளம்பினார். முட்டைக் கணக்கு மென்பொருளுக்காக நானும் போக வேண்டியிருந்தது. காலையில் அனுப்பிய தாளைத் தட்டச்சு அண்ணனின் திரையில் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். பழைய எழுத்துரு, பழைய வழி, ஒன்றும் மாறவில்லை. குஞ்சுகளுக்கு எவ்வளவு என்பதை மனதில் வைத்துக்கொண்டேன்.

தொட்டியின் அருகே ஆட்கள் கூடியிருந்தார்கள். மேனேஜர் அக்காவைப் பார்த்து, இந்தத் தடவையாவது படித்துப் பார்த்து ஊற்றச் சொன்னார். அக்கா பையோடு கைப்பேசியை நீட்டினார்.

“நீங்க படிச்சுச் சொல்லுங்க சார். நான் ஊத்தறேன்.”

அன்று அவரால் வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கினார். பையைத் துடைத்தார். விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, அதே கோப்பை அதில் திறந்தார். இந்தத் தாள்களைத் தன் கைப்பேசியில் அவர் அதுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மேனேஜரின் விரல் முதல் கட்டத்தில் போய் நின்றது.

“இருவத்தஞ்சு. குஞ்சுக்குத்தான் மொதல்ல போட்டிருப்பாங்க,” என்றார்.

“அது பெரிய கோழிக்கு சார். குஞ்சுக்கு எட்டு,” என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “யாரு இத இப்பிடி அனுப்புனது?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டார்.

“யாரு அனுப்புனதுன்னு இன்னைக்குக் கேக்கறீங்க சார். யாரு படிக்கலைன்னு மட்டும் அன்னைக்குக் கேக்காமயே தெரிஞ்சுதுங்களே?”

மேனேஜர் அளவுக் குவளையை எடுத்து அக்காவிடம் நீட்டினார், வேலையைப் பார் என்கிற மாதிரி. அக்கா கையை நீட்டவில்லை. செட்டுக்குள் குஞ்சுகளின் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

“ஊடு காலி பண்றதப் பத்தி அப்பறமாப் பேசிக்கலாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு இந்த எடத்துலதான் நின்னு சொன்னீங்க. தெரியும்னு சொல்லுங்க. ஊத்தறேன்.”

மேனேஜர் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குவளையைப் பார்த்தபடி, அவங்களுக்குப் படிக்கத் தெரியும், தாள்தான் தப்பாப் போச்சு என்று முணுமுணுத்தார். அருகில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

அக்கா அசையவில்லை.

“பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க சார்,” என்றார்.

மேனேஜர் தலையை நிமிர்த்தி, இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.