டாக்டரை வெளியே அனுப்பிய நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கிள்ளானில் குடியிருந்தோம். லோரி ஓட்டிய என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். எனக்கு ஒரு பள்ளி ஹாஸ்டல் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. அது நிரந்தரமாக வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வளையல்காரரைத் தவிர வெளி ஆண் யாரும் என் கையைத் தொட்டதில்லை. பிரஷர் பார்க்க டாக்டர் கையில் பட்டையைச் சுற்றியதுமே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், பிரஷர் ஏறிவிடும். பரிசோதனைக்குப் போன இரண்டு தடவையும் அப்படித்தான்.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா" என்றார் டாக்டர்.

பயத்தில் சமையலில் உப்பையே நிறுத்தினேன். "பிரஷர் உனக்கு, பத்தியம் எனக்கா?" என்று வீட்டுக்காரர் ரசத்தைத் தள்ளிவைத்தார்.

கோலாலம்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்தாள். வீட்டில் அவள் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

"உப்பு இல்லம்மா. மூளைக்கு அடியில பிரஷரை ஏத்தச் சொல்ற செல்லுங்க இருக்கு. அதுங்கள 'போதும், அடங்கு'ன்னு அமுக்கி வைக்கிற செல்லுங்களும் இருக்கு. நீ பயந்தா, கூச்சப்பட்டா, அந்தப் பிடி தளந்துடும். இதயம் ஓட ஆரம்பிச்சிடும்."

"எனக்கு அந்தப் பிடியே இல்லையாடி?"

"இருக்குலா! மெதுவா மூச்சு விட்டு, கொஞ்ச நேரம் சும்மா உக்காரு. பயம் தணிஞ்சா அது தானா இறுக்கிக்கும்."

ஆக, என் உடம்பில் குறை இல்லை. அந்தத் தைரியத்தோடு, மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மூன்றாவது தடவை போனேன்.

டாக்டர் பட்டையைக் கையில் எடுத்தார். ஆண்களிடம் தலையாட்டியே பழகிய நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டர், நீங்க இருந்தா எனக்கு ஏறிடுது. கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? மிஸ்ஸி பாக்கட்டும்."

நான் மிஸ்ஸி என்று சொன்ன நர்ஸ் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் ரூம்லேருந்து என்னையே தொரத்துறீங்களாக்கா?" என்று சிரித்தபடி டாக்டர் போனார்.

நர்ஸ் என்னைச் சாய்ந்து உட்காரவைத்தாள். கண்ணை மூடி, மூச்சை நீளமாக விட்டேன். காதுக்குள் கேட்ட இடிச்சத்தம் மெல்லத் தணிந்தது. அவள் அளந்தாள், சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தாள். பிறகு கதவைத் திறந்து, "டாக்டர், இப்ப வரலாம். அக்கா பாஸ்!" என்றாள்.

வாசலில் காத்திருந்த மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "நீயா? டாக்டரையா?" என்று அவள் எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்தாள்.

ஓய்வு பெறும்வரை அந்தச் சமையற்கூடத்தில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு யார் பிரஷர் பார்க்க வந்தாலும், "மொதல்ல கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று நானே சொல்லிவிடுவேன். தொடக்கப்பள்ளியோடு படிப்பை விட்டவள்தான். ஆனால் என் உடம்புக்காக நான் பேசினேன்.