டெல்வின் ஊரின் கல்லறைப் பலகைகள்

டெல்வின் ஊர் எப்படி உண்டானது என்று கேட்டால் எல்லோரும் ஆரின் ஹாஸ்கெட்டைத்தான் காட்டுவார்கள். ரயில் பாதை எங்கள் பழைய ஊரைச் சீந்தாமல் மூன்று மைல் தள்ளிப் போய்விட்டது. ஊரே பாதையைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. நாற்பத்தொரு வீடுகளை உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, எருதுகளைப் பூட்டி இழுத்து வந்தவன் அவன். ஹெட்டா நீபெர்க் நகர்ந்துகொண்டிருந்த வீட்டுக்குள்ளேயே ரொட்டி சுட்டாள்.

"மெதுவா இழுங்க ஆரின், பொங்கின மாவு அமுங்கிடும்" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டாள்.

நான் ஆரினிடம் வேலை பார்த்தவன். அவன் பெருமையில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது அது மட்டுமல்ல.

கடைசியாக மிச்சமிருந்தது இடுகாடு. பத்தொன்பது குழிகள். டிசம்பர் மாதம், தரை கல்லாக உறைந்து கிடந்தது. கடப்பாரையைப் போட்டால் பொறிதான் பறந்தது. கிறிஸ்துமஸுக்குள் முடிப்பதாக ஆரின் ஊராரிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

"பேர்ப் பலகைய மட்டும் பிடுங்கி வண்டியில போடுடா. மத்தத பனி உருகினதும் பாத்துக்கலாம்."

பிடுங்கிப் போட்டேன். பாதைக்கு வெட்டிய மண் கொஞ்சம் கிடந்தது. புது இடுகாட்டில் அதை மேடு மேடாகக் குவித்து, பலகைகளை வரிசையாக நட்டோம். பனி உருகியது. விதைப்பு வேலை வந்தது. பழைய குழிகளைத் தோண்ட நாங்கள் போகவேயில்லை. இருவரும் வாயைத் திறக்கவில்லை. பழைய நிலத்தை யாரோ வாங்கி உழுது கோதுமை போட்டார்கள்.

இருபத்தாறு வருடம், மே மாதக் கடைசியில் ஊரே இடுகாட்டுக்குப் பூ எடுத்துப் போகும். பழைய ஊரிலேயே மூன்று வயதில் இறந்துபோன தன் மகன் நில்ஸுக்கு ஹெட்டா லைலாக் பூ கொண்டுபோவாள். பலகையருகே உட்கார்ந்து வெகுநேரம் அவனிடம் பேசுவாள். அன்று ஆரின் தலைவலி என்று படுத்துக்கொள்வான். நான் வேலியடைக்கப் போய்விடுவேன். மானங்கெட்ட பிழைப்பு.

போன மாதம் படுத்த படுக்கையான ஹெட்டா எங்களை வரச் சொன்னாள்.

"என் பையனுக்குப் பக்கத்துலயே எனக்குக் குழி வெட்டுங்க. நடுவுல இடம் விடாதீங்க."

ஆரின் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திட்டவில்லை.

"அப்ப இத்தன வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"சரி. அவன் இருக்கிற எடத்துக்கே என்னைக் கொண்டுபோங்க. அது எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க."

அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைதான். அடையாளமென்று இருந்தது அந்த ஒரு பலகை. அதைப் பிடுங்கியவன் நான்.