ஜீப்பின் கடைசி இருக்கை

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் தேனியில் ஓர் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். கூடலூரிலிருந்து பேச்சியம்மாள் அழைத்தார். “அக்கா போயிட்டாக தம்பி. நெஞ்சு வலின்னாக, அம்புட்டுத்தான்.” பிறகு, “எம் மவனுக்கு இனி யாரு பேசுவாக?” என்றார். எங்கள் சிறிய தொண்டு அமைப்பில் அக்காவோடு வேலை பார்த்த எங்களுக்கும், அவரை அறிந்த உங்களுக்கும் அதே கேள்விதான்.

பேச்சியம்மாளின் மகன் முருகனுக்குக் கழுத்து நிற்காது. வலிப்பு வரும். சோற்றைக் குழைத்துத்தான் ஊட்ட வேண்டும். தாய் ஏலத்தோட்ட வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். போனால் அவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்ட வேண்டும். முன்பு, பகலில் அவனோடு கூட இருக்க ஓர் ஆள் கேட்டோம். உதவித்தொகை தரும் அலுவலகம், ஆள் போடுவது சுகாதாரத் துறை என்றது. சுகாதாரத் துறை, மருந்து மட்டும்தான் எங்களுடையது என்றது. நகராட்சியோ, அதுதான் உதவித்தொகை வருகிறதே என்றது. முருகனைத் துறைவாரியாக வெட்டித் தரவா என்று நான் கத்தினேன்.

“கத்துனா வெளிய போகச் சொல்லுவாக. ஜீப்பச் சொல்லு” என்றார் அக்கா.

தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் காசிம் அண்ணனின் ஜீப்பில், முருகனை நேரில் வந்து பாருங்கள் என்று மூன்று அலுவலக அதிகாரிகளையும் ஏற்றினார். பின்கதவை ஒட்டிய இருக்கையில் அவர் உட்கார்ந்துகொண்டார். உத்தமபாளையத்தில் ஓர் அதிகாரி, மீட்டிங் இருக்கிறது, இறங்கிக்கொள்கிறேன் என்றார்.

“தாராளமா எறங்கலாம் சார். நான் எறங்குனாத்தான் வழி. எனக்கு முட்டி வலி, கூடலூர்லதான் எறங்குவேன்.”

கேட்டவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

முருகனின் வீட்டில் அக்கா பாய் விரித்து அவர்களை உட்காரவைத்தார். பேச்சியம்மாள் ஊட்டினார். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்க எவ்வளவு நேரமாகிறது என்பதை மூன்று துறைகளும் ஒன்றாகப் பார்த்தன. “உங்க மூணு பேரு துட்டும் ஒண்ணாச் சேரட்டும் சார். அவனுக்கு வாய் ஒண்ணுதான்” என்றார் அக்கா. பக்கத்து வீட்டு ஜமீலா அப்படித்தான் வேலைக்கு வந்தார். மூன்று இடத்துப் பணம், ஒரே சம்பளம். கதவுப் பூட்டு கழன்றது.

திரும்பும்போது கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கி, மடியில் வைத்து எல்லோருக்கும் கிள்ளிக் கொடுத்தார். விதைகளைப் பின்கதவு வழியாகத் துப்பிக்கொண்டே வந்தார். இப்போதும் திராட்சையைப் பார்த்தால் அந்தக் காற்றுதான் முகத்தில் அடிக்கிறது.

அந்த அதிகாரிகள் மாறிப்போனார்கள். புதிதாக வந்தவர்கள், தனித்தனியாக வந்து பாருங்கள் என்கிறார்கள். ஜமீலாவின் சம்பளம் நின்றுவிட்டது. செய்தி வந்த அன்று நான் அதற்காகத்தான் அந்த வாசலில் நின்றிருந்தேன்.

நேற்று காசிம் அண்ணனிடம் ஜீப் கேட்டேன். “கொண்டாறேன். பின்னாடி யாரு உக்காருவா?” என்றார்.

நான்தான். எனக்கு முட்டி வலி கிடையாது. ஆனாலும் கூடலூர் வரும்வரை இறங்க மாட்டேன்.