அத்தை வைத்த டைமிங்

செவிலிமேட்டுக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி எங்கள் கழனி இருந்தது. அந்தப் பக்கம் கரண்டு இன்னும் எட்டிப் பார்க்காத காலம். கிணற்றுத் தண்ணீரை இறைக்க அப்பா பழைய ஆயில் இஞ்சின் ஒன்று வைத்திருந்தார். ஒற்றை சிலிண்டர், பக்கவாட்டில் என் மார்பளவு உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்கும் தம்பிக்கும் கிடையாது. எங்களுக்கு ஜுரம் வந்தால் அம்மா கஷாயம் வைப்பாள். இஞ்சின் இருமினால் அப்பா சோறு சாப்பிட மாட்டார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சித்திரையில் விதைத்த சொர்ணவாரி நெல் பால் பிடிக்கிற சமயம் பார்த்து, இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சித் தள்ளும் சின்ன பம்பு ஒழுக ஆரம்பித்தது. அப்பா டவுனிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, அடியில் புது பேக்கிங் அட்டை வைத்து மாட்டினார். ஒழுகல் நின்றது. கூடவே தண்ணீரும் ஏறக்குறைய நின்றுபோயிற்று.

நான்கைந்து பேர் மாற்றி மாற்றி ஹேண்டிலைச் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பியது. கிளம்பினாலும் கரும்புகையாகக் கக்கியது. குழாயில் தண்ணீர் சோம்பேறித்தனமாக வந்து விழுந்தது. மெக்கானிக் முதல் நாள் டீசலைக் குறை சொன்னார், மாற்றினோம். மறுநாள் காற்று வடிகட்டியைக் கழுவினார். மூன்றாம் நாள் சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாசிலை மாற்றினார். நான்காம் நாள் காலை, அந்த நாசிலும் சரியில்லை, வேறு வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் டவுனுக்குப் போனார். கழனியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அப்பா வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சோற்றுக்கூடையோடு அத்தை வந்தாள். அத்தை அப்பாவின் அக்கா. மாமா வாலாஜா பக்கம் ஒரு நெல் மில்லில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் போன பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள். அதிகம் பேசமாட்டாள். அன்று கூடையை இறக்கி வைத்ததும் கேட்டாள்.

“ஸ்பேனர் எங்கடா இருக்குது?”

“அக்கா, நீ சும்மா இரு. மெக்கானிக்காலயே ஆவல.”

“உங்க மாமாவுக்கு மூச்சு எளப்பு வந்த பெறவு ரெண்டு வருசம் மில்லு இஞ்சினை யாரு ஓட்டினது? சக்கரத்தைப் புடி.”

அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார். எழுந்துபோய்ச் சக்கரத்தைப் பிடித்தார்.

அத்தை பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றினாள். பம்பின் வாயில் டீசல் சின்ன வட்டமாகத் தளும்பி நின்றது. “மெதுவா சுத்து. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்” என்றாள். அப்பா சுற்ற, அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தாள். டீசல் லேசாக அசைந்த நொடியில் “நிறுத்து!” என்றாள். சக்கரத்தின் விளிம்பில் உளியால் வெட்டின கோடு ஒன்று உண்டு. டீசல் அசைகிற நொடியில் அது எதிரே இருக்கும் இரும்பு முள்ளுக்கு நேராக நிற்க வேண்டுமாம். நான்கு விரல் தாண்டிப் போயிருந்தது.

“பாத்தியா? டீசல் லேட்டா போவுது. பிஸ்டன் மேல ஏறி எறங்கச் சொல்லோ போனா புகைதான் வரும், பலம் எங்க வரும்?”

பம்பைக் கழற்றினால், அடியில் பம்பின் உயரத்தைச் சரிசெய்ய வைத்த பழைய மெல்லிய தகடுகள் மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் புது பேக்கிங்கும் ஏறி உட்கார்ந்து பம்பைத் தூக்கிவிட்டிருந்தது, டீசல் பிந்தியது அதனால்தான். அத்தை இரண்டு தகடுகளை உருவிவிட்டு மாட்டினாள். அப்பா ஹேண்டிலைச் சுற்றினார். இஞ்சின் ‘டங்’கென்று எதிர்த்து உதைத்தது. அப்பா கையை உதறிக்கொண்டு நான்கடி தள்ளிப் போய் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை அசரவில்லை. “இப்ப முந்திப் போவுது. ஒண்ண திருப்பி வைக்கணும்” என்று, உருவினதில் மெல்லியதைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். திரும்பவும் சக்கரம், திரும்பவும் டீசல் வட்டம். இந்த முறை அது அசைந்தபோது கோடு முள்ளுக்கு நேராக வந்து நின்றது.

அப்பா இரண்டே சுற்றுதான் சுற்றினார். இஞ்சின் கணீரென்று பிடித்துக்கொண்டது. புகை வெளுத்து, மெலிந்து, கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியின் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. பக்கத்துக் கழனிகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அப்பா துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, “எங்க அக்காப்பா! எங்க அக்கா!” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மெக்கானிக் புது நாசிலோடு திரும்பிவந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார்.

“டைமிங் யாரு வச்சது?”

அப்பா தாடையால் அத்தையைக் காட்டினார். மெக்கானிக் இறங்கி, தரையில் கிடந்த தகட்டை எடுத்துப் பார்த்தார். “நான் இத்த யோசிக்கவே இல்லம்மா” என்றார். நல்ல மனுஷன். அன்று அத்தை கொண்டுவந்த சோற்றில் அவரும் சாப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்தே, “அக்காவ கொஞ்சம் அனுப்புங்க, எங்க இஞ்சின் புகையுது” என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அத்தை போகும்போதெல்லாம் அப்பாதான் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

இஞ்சின் சரியான அன்று சாயங்காலம் அத்தை தொட்டியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

“மொத நாளே சொல்லி இருந்தா நெல்லு இவ்ளோ வாடி இருக்காதுல்ல அத்தே?”

“சொன்னேன்மா. ரெண்டு வாட்டி சொன்னேன்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எப்போது சொன்னாள், அப்போது நாங்களெல்லாம் எங்கே இருந்தோம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடிவிட்டேன்.