குழல் வாயில் ஓர் எலுமிச்சம்பழம்

என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்பது தெரிந்த நாளிலிருந்து தேனாம்பேட்டை அலுவலகத்தில் எனக்கு மரியாதை போய்விட்டது. "தயிர்சாதம் வேட்டைக்குக் கிளம்பிடுச்சு டோய்" என்று பக்கத்து மேஜைக்காரர் தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார். நான் எதையும் சுட்டதில்லை. ஐம்பது கெஜத்துக்கு அப்பால் ஆணியடித்த காகிதத்தைத் தவிர.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. எஸ்டேட் வேலையில் இருந்தபோது வாங்கி வைத்திருந்தார். அவர் போன பிறகு நிலத்துக்கும் நகைக்கும் ஆளாளுக்குப் பாய்ந்தார்கள், இதை யாரும் கேட்கவில்லை. உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்கிற ரகம். குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு இந்த ரகம் பிடிக்காது. ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே ஒரு இரும்புக்கட்டி முன்னும் பின்னும் ஓடி மொத்தத்தையும் உலுக்கிவிடும். நான் போய்வந்த துப்பாக்கி சுடும் மன்றத்தில் எல்லோரும் இதை வைத்துக்கொண்டு காக்காய்தான் ஓட்டலாம் என்றார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

நாலு வருடம் அதனோடு மல்லுக்கட்டினேன். குழல் கட்டையில் எங்கும் உரசக்கூடாது என்பதற்காக மயிலாப்பூர் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து மரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு காகிதத்தைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு இழுத்தால் தடங்கல் இல்லாமல் வர வேண்டும், அதுதான் கணக்கு. என்னால் முடியாத வேலையெல்லாம் பாயிடம் போகும். அண்ணாசாலையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் பழுது பார்ப்பவர் அவர், என் வயதுதான். விசையை வெண்ணெய் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். குழலின் வாயைப் புதிதாகக் கடைந்தார். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அந்த வாயின் விளிம்பைத்தான். அதில் ஒரு பக்கம் மயிரளவு தேய்ந்திருந்தாலும் தோட்டா சாய்ந்துவிடும். கடைந்து முடித்ததும் பாய் விளிம்பில் பஞ்சை வைத்துச் சுற்றிக் காட்டினார். ஒரு இழைகூடச் சிக்கவில்லை. அந்த மாதம் பத்துத் தோட்டாக்களை ஒரு ரூபாய் நாணய அளவு வட்டத்துக்குள் போட்டேன். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வலது கண்ணின் நடுவில் ஒரு கறை விழுந்தது. இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி, பெயருக்குத்தான் இருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கறை பெரிதாகும், மருந்து கிடையாது, ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ என்றார். வெளியே வந்து பேருந்து எண் தெரியாமல் நின்றேன். ஆண்டுப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மன்றம் மாநிலப் போட்டிக்கு அனுப்பும். நாலு வருடமாக நான் நாலாவது, ஐந்தாவது. இனி எனக்கு இருந்தது ஒரே ஒரு போட்டி. பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் குழல் நுனியில் இருக்கும் முன்குறியைக் கழற்றி, என் கண்ணுக்குத் தட்டுப்படும்படி தடிமனாக ஒன்று செய்து மாட்டினார். மற்றவர்களின் துப்பாக்கியில் அதற்குள் எனக்குக் குறியே தெரியாமல் போயிருந்தது.

அந்த வருடம் பார்த்துத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். போட்டியாளர்கள் மன்றத்திலிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தால் விலக்கு உண்டு. அது எனக்கும் தெரியும். ஆனால் சர்க்கார் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்கிற பிறவி நான்.

"ஏன்னா, இன்னிக்கே கொண்டு போகணுமா? மத்தவாள்லாம் என்ன பண்றான்னு கேட்டுண்டு போங்கோளேன்" என்றாள் மனைவி.

"சர்க்கார் உத்தரவு. நமக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பழைய வேட்டியில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த நிலையத்தில் அந்தத் தேர்தலுக்கு முதலில் வந்து சேர்ந்த துப்பாக்கி என்னுடையதுதான். ஏட்டு என்னைப் பாராட்டினார். மன்றத்தில் மற்ற எல்லோரும் கடிதம் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஓட்டு எண்ணி முடித்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில் இருக்கிறார், கையெழுத்து ஆகவில்லை என்றார்கள். நவராத்திரி வந்தது, ஆயுத பூஜை வந்தது, விடுமுறைகள் வந்தன. பூஜை முடிந்து நாலாம் நாள்தான் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி.

ஏட்டு முகமெல்லாம் சிரிப்பாக என்னை உள்ளே கூட்டிப் போனார். "சார், உங்க துப்பாக்கியதான் சார் நடுவுல வெச்சோம். ஸ்டேஷன்லயே அதுதான் பளபளன்னு இருந்துச்சு."

சுவரோரம் பலகையில் நிலையத்துத் துப்பாக்கிகள், லத்திகள், வயர்லெஸ் பெட்டி எல்லாம் மாலையோடு இருந்தன. நடுவில் என்னுடையது. கட்டை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். நேராக நிமிர்த்திவைத்த குழலின் வாயில், சூலத்தில் செருகுவார்களே அதுபோல, ஓர் எலுமிச்சம்பழம் அழுத்திச் செருகியிருந்தது. நாலு நாளில் அது வதங்கி, சாறெல்லாம் குழலுக்குள் இறங்கியிருந்தது.

அந்த மனிதர் தன் வீட்டு வண்டிக்குச் செய்வதைவிட அதிக பக்தியோடு செய்திருக்கிறார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? பழத்தைப் பிடுங்கினேன். "ரொம்ப நன்றி" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

பாய் குழலின் வாயைத் துடைத்துவிட்டு விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். பஞ்சை வைத்துச் சுற்றினார். கால் சுற்றுக்குள் பஞ்சு சிக்கிக்கொண்டு நின்றது.

"இன்னா சார் இது, அரிச்சிக்கினு போயிருக்கு. உள்ள வேற துரு புடிச்சிகீது. அரை இஞ்ச் அறுத்துட்டுப் புதுசா எடுக்கணும். அதுக்குப் பேப்பர் வேலை வேற கீது. ஒரு மாசமாவது ஆவும்."

"ஞாயித்துக்கிழமை போட்டி பாய்."

அவர் பஞ்சைப் பிய்த்து எடுத்தார். "எவன் சார் இப்படிப் பண்ணான்?" என்றார்.

"நான்தான்" என்றேன். அதில் பொய்யில்லை. மனைவி சொன்னதைக் கேட்டு ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும்.

போட்டிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். முதல் தோட்டா வலது மேலே போனது, இரண்டாவது எங்கே போனது என்று தொலைநோக்கியில் பார்த்த நண்பருக்கே தெரியவில்லை. மீதி எட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருந்தன. கைக்கும் மூச்சுக்கும் அன்று எந்தக் குறையும் இல்லை, அதை நான் சத்தியம் செய்வேன். அதுதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது. கடைசி இடம். "கண்ணு காரணமா?" என்று நண்பர் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எலுமிச்சம்பழம் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள், என்னால் அன்று அதைத் தாங்கியிருக்க முடியாது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மனைவி கதவைத் தட்டவில்லை.

அதற்கப்புறம் துப்பாக்கி பாயிடம் போகவே இல்லை. யாருக்காக அறுத்துக் கடைவது? டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்பே நடு முழுக்க இருண்டுவிட்டது. ஆட்களைக் காதோரத்தையும் தோளையும் வைத்து அடையாளம் கண்டுகொண்டிருந்தேன். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அதே நிலையத்துக்குப் போனேன். குரலை வைத்துத்தான் ஏட்டைத் தெரிந்தது.

"சார், போட்டி இன்னா ஆச்சு? பூஜை போட்ட துப்பாக்கியாச்சே!"

மனைவியின் விரல்கள் என் கையில் இறுகின.

"ஜெயிச்சேன்" என்றேன்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று அவர் உள்ளே யாரிடமோ கத்தினார். "அந்த எலுமிச்சம்பழம் நான் என் கையால வெச்சது சார்." சந்தோஷத்தில் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு படிவத்தை என் முன்னால் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். எனக்குத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.