திருப்பிக் குவித்த மண்

டெல்ஃபா என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஒரு கல்லறை ஞாயிறன்று. பீச்சம் முகட்டுக்கு நான் மருமகளாக வந்து வாய்த்த முதல் மே மாதம். காலையில் எல்லோரும் அவரவர் குடும்பக் கல்லறைகளைச் செதுக்கி, மண்ணைக் குவித்து, மெழுகில் தோய்த்த காகிதப் பூக்களைச் செருகி முடித்திருந்தோம். மரத்துக்கு மரம் கம்பிவலை இழுத்துக் கட்டிய நீள மேசையில் பொரித்த கோழியும் சோள ரொட்டியும் பரப்பிக்கொண்டிருந்தபோது மாமியார் காதோடு சொன்னார்: "அந்தக் கோடியில டெல்ஃபா வாழைப்பழப் புட்டிங் வெச்சிருக்கா பாரு. நல்லாத்தான் இருக்கும். ஆனா மொத ஆளாப் போயி எடுத்துடாதே. அவ துரோகி வம்சம்."

எண்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவருக்காக, ஒருத்தி செய்த புட்டிங் பந்தி முடியும்வரை தொடப்படாமல் கிடந்த ஊர் இது.

டெல்ஃபாவின் அம்மா ஈவா. ஈவாவின் அம்மா மிண்டி. மிண்டி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா ஹார்மனைச் சுட்டார்கள். தெற்கும் வடக்கும் அடித்துக்கொண்ட அந்தப் போருக்கு எங்கள் பக்கம் இன்றைக்கும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. மாநிலங்களின் போர் என்பார்கள் சிலர். வடக்கத்தியான் நம் மேல் படையெடுத்த போர் என்பார்கள் சிலர். பணக்காரன் மூட்டிய போர் என்று சொல்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மலைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் கறுப்பர்கள் விடுதலைப் போர் என்பார்கள், தங்களுக்குள் பேசும்போது மட்டும்.

ஹார்மன் ஒன்றும் புண்ணிய புருஷர் இல்லை. கறுப்பர்களைத் தனக்குச் சமமாக நினைத்தார் என்று ஈவாகூடச் சொன்னது கிடையாது. அவருக்கு இருந்தது ஒரு கோவேறு கழுதையும் கல்லுக்கு நடுவே கொஞ்சம் சோளமும். கீழே வின்ஸ்டெட் வீட்டுக்கு ஆற்றங்கரை முழுக்கப் பருத்தி, அதை எடுக்க அடிமைகள். இருபது அடிமை இருக்கிற பண்ணைக்கு ஓர் ஆண் போருக்குப் போகாமல் வீட்டிலிருக்கலாம் என்று சட்டம் வந்தது. "அவன் அடிமைய அவனே போயிக் காப்பாத்தட்டும். அதுக்கு நான் எதுக்குச் சாகணும்?" என்று சொல்லிவிட்டு ஹார்மன் பாறை இடுக்குகளில் போய் ஒளிந்துகொண்டார். ஊர்க்காவல் என்று துப்பாக்கியோடு திரிந்தவர்கள், அவர் ஊற்றில் குனிந்து தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துச் சுட்டார்கள். சுட்டவர்களில் எங்கள் மாமியாரின் தாத்தாவும் உண்டு.

கால் கிழக்கே இருக்கும்படிதான் இங்கே பிணத்தைக் கிடத்துவோம். உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்தால் சூரியன் முகத்தில் விழிக்கவேண்டும். துரோகி அப்படி விழிக்கக்கூடாது, புதைப்பதானால் குறுக்கே புதையுங்கள் என்று சுட்டவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பயந்து முகட்டில் ஒரு ஆண்பிள்ளைகூடக் கிட்டே வரவில்லை. மாவு அரைத்துக்கொண்டு வண்டியில் போன வின்ஸ்டெட்டின் அடிமை ஐசம்தான் வண்டியை நிறுத்தினார். ஹார்மனின் மனைவி மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். சொன்னபடியே தெற்கு வடக்காகக் குழி வெட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜெபம் சொல்லிப் புதைத்தார். மாவு தாமதமானதற்கு அன்று அவர் முதுகில் சவுக்கு விழுந்தது.

இதை மிண்டி ஈவாவுக்குச் சொன்னாள், ஈவா டெல்ஃபாவுக்குச் சொன்னாள். ஒவ்வொரு கல்லறை ஞாயிறும் அந்தக் குறுக்கு மேட்டைச் செதுக்கும்போது சொல்வது. "ஐசம் வெட்டினது. மறந்துடாதே."

மறக்க விட்டால்தானே. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே குறுக்குப் பேத்தி. "குறுக்குப் பேத்தி வாறா, வழி விடுங்கடா, அவ நேரா நடக்கமாட்டா." ஆர்பி நெஸ்மித்தைக் கட்டிக்கொண்டு ஒரு மகளைப் பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. மெழுகுப் பூ செய்வதில் அவளுக்கு ஈடு கிடையாது. ஆனாலும் அவள் பூவை விலை கொடுத்து வாங்கியவர்கள்கூட அவள் பக்கத்தில் பாய் விரித்து உட்காரமாட்டார்கள்.

போர் நடந்து நூறு வருஷம் ஆனதற்கு விழா எடுத்தார்களே, அப்போதுதான் லெனோரா வின்ஸ்டெட்டின் கார் டெல்ஃபா வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்தப் பருத்திப் பண்ணை வின்ஸ்டெட்தான். விழாக் கமிட்டிப் பெண்களுக்கு அவள் தலைவி. கையுறையைக் கழற்றிவைத்துவிட்டு டெல்ஃபாவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மிஸஸ் நெஸ்மித், இப்படி ஒரு கேரமல் கேக் நான் சாப்பிட்டதே இல்ல."

"இன்னொரு துண்டு வைக்கட்டுங்களா?"

"வைங்க. உங்க கொள்ளுத்தாத்தா ஒருத்தர் போர்ல இறந்தவராமே? ஒரு கல்லுகூட இல்லாமக் கிடக்காரே, எங்களுக்குக் கஷ்டமா இருந்தது."

"போர் சமயத்துல இறந்தாருங்க."

"அப்ப நம்ம வீரர்தான். எந்தப் படையில இருந்தாரு?"

டெல்ஃபா கேக் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். "அது... சரியாத் தெரியாதுங்க."

"பரவாயில்ல, நாங்க பாத்துப் போட்டுக்கிறோம்." லெனோரா வாசலில் நின்ற டெல்ஃபாவின் மகள் ஜெனெட்டாவைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணையும் அனுப்புங்க. வீரர் வீட்டுப் பொண்ணுங்க எல்லாரும் வெள்ளை கவுன் போட்டுக் கோர்ட்டுப் படியில நிக்கப்போறாங்க."

ஜெனெட்டாவைப் பள்ளியில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று டெல்ஃபாவுக்குத் தெரியும். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தது.

ஆனால் ஆட்டிய தலை அதோடு நிற்கவில்லை. கல் வந்து இறங்கியது, ஹார்மனின் பெயரும் தெற்கின் கொடியும் வெட்டிய வெள்ளைக் கல். அது கிழக்கு பார்த்து நிற்கவேண்டும். மேடோ குறுக்கே கிடக்கிறது. கல்லை இறக்கிய ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள்.

"மேட்டத் திருப்பிட்டாப் போச்சு" என்றான் ஆர்பி. "மண்ணுதானே."

மண்வாரியை அவன் கையிலிருந்து டெல்ஃபாவே வாங்கினாள். மிண்டியும் ஈவாவும் நூறு வருஷமாகக் குறுக்கே குவித்த மண்ணைக் கலைத்து, மேற்கு கிழக்காகக் குவித்து, மேலே தன் வெள்ளைப் பூக்களைச் செருகினாள். கீழே ஹார்மன் எப்படிக் கிடந்தாரோ அப்படியே கிடந்தார்.

கறுப்பர்களின் கல்லறைகள் வேலிக்கு அந்தப் பக்கம். அவர்கள் சனிக்கிழமையே வந்து சுத்தம் செய்துவிட்டுப் போய்விடவேண்டும், ஞாயிறு எங்களுடையது. ஐசமின் பேத்தி ஒஸெல்லா அன்று அங்கேதான் பெருக்கிக்கொண்டிருந்தாள். டெல்ஃபாவை விட மூன்று வயது மூத்தவள். நெஸ்மித் வீட்டில் இஸ்திரி போட வருகிறவள். துடைப்பத்தோடு வேலிவரை வந்து நின்றாள்.

"மிஸ் டெல்ஃபா, எங்க தாத்தா குறுக்கதானுங்களே வெட்டினாரு?"

டெல்ஃபா நிமிரவில்லை. "அதெல்லாம் பழங்கதை ஒஸெல்லா."

"ஆமாங்க. பழசுதான்." ஒஸெல்லா திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள். அடுத்த வாரமும் இஸ்திரிக்கு வந்தாள். முன்னைப் போலவே சட்டைகளை மடித்து வைத்தாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

விழாவில் டெல்ஃபாவைக் கோர்ட்டுப் படியில் ஏற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எங்க கொள்ளுத்தாத்தா மண்ணுக்காக உயிரக் கொடுத்தாரு" என்றாள். கைதட்டினார்கள். அடுத்த கல்லறை ஞாயிறன்று அவள் புட்டிங் கிண்ணம்தான் முதலில் காலியானது. அவளுக்கு என்று ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேலிப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலிப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்ததே கிடையாது. யாராவது ஹார்மன் பெயரை எடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பெருமைப்படவேண்டிய இடத்தில் இவள் ஏன் கூனிக்குறுகுகிறாள் என்று ஊருக்குப் புரியவில்லை. அடக்கம் என்று நினைத்தார்கள். அதுவும் ஒரு நல்ல பெயராக வந்து சேர்ந்தது.

ஆர்பி போய், லெனோராவும் போய், டெல்ஃபாவுக்கு எழுபத்தேழு வயதானபோது அவள் அண்ணன் மகன் டெரல் ஒரு கல்லறை ஞாயிறன்று சாம்பல் நிறப் பட்டாளத்து உடையில் வந்தான். தைத்து வாங்கியது. பழைய காலத்துத் துப்பாக்கியோடு கூட்டாளிகளும் வந்தார்கள். ஹார்மனின் கல்லருகே பெரிய கொடியை நட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். வெடிச் சத்தத்தில் டெல்ஃபாவின் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது.

பந்தியில் பேச்சு அதே இடத்துக்கு வந்தது. "அடிமைக்காக நடந்த போருன்னு இப்பத்தான் டிவிக்காரன் புதுசாக் கெளப்புறான்" என்றான் டெரல். "வடக்கத்தியான் போட்ட வரிக்காக நடந்தது."

"எங்க தாத்தா சொல்லுவாரு, பணக்காரன் மூட்டினான், ஏழை செத்தான்னு" என்றார் எதிரே இருந்த கிழவர் கோய். "நீ என்னடான்னா காசு குடுத்து அந்த உடுப்பத் தச்சுப் போட்டுட்டு வந்து வேக்குறே. சாப்பிடுறா, கோழி ஆறுது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டெல்ஃபா சொன்னாள்: "அந்தக் கொடிய எடு டெரல்."

"என்னத்தே?"

"அவரச் சுட்டவங்க கொடி அது. அவரு எந்தப் படையிலயும் இல்ல. போகமாட்டேன்னு ஒளிஞ்சிருந்தவரத் தண்ணி குடிக்கையில சுட்டாங்க. குறுக்கப் பொதச்சாங்க. மேட்டத் திருப்பினது நான்."

 டெரல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அத்தே, நீங்கதானே கோர்ட்டுப் படியில நின்னு சொன்னீங்க, உயிரக் கொடுத்தாருன்னு? நான் அப்பா தோள்ல உக்காந்து கேட்டேன். எனக்கு ஆறு வயசு. அன்னிக்குப் புடிச்ச பைத்தியம்தான் இது."

"அது பொய்டா."

"இல்லத்தே. அழுதுகிட்டே சொன்னீங்க. பொய் சொல்றவங்க அழுவாங்களா?"

"வேணும்னா தோண்டிப் பாரு. குறுக்கத்தான் கெடக்காரு."

"கர்த்தாவே, செத்தவங்களத் தோண்டுறதா?" என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஜெனெட்டா எழுந்து வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "வெயில் ஏறிடுச்சும்மா. வா, கார்ல உக்காரலாம்." வழி நெடுக ஆட்கள் அன்பாக விலகி இடம் விட்டார்கள். பாவம், வயதாகிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது அவளுக்குக் கேட்டது.

அந்த வாரமே டெல்ஃபா மகளைக் காரோட்டச் சொல்லி ஆற்றோரம் ஒஸெல்லா வீட்டுக்குப் போனாள். ஒஸெல்லா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பழைய இஸ்திரிக்காரி இல்லை இப்போது, அவர்கள் திருச்சபையில் எல்லோரும் மதிக்கும் மூத்த தாய்.

"ஒஸெல்லாக்கா..."

"எம்பது வயசுல அக்காவாயிட்டேனா நான்? உக்காரு டெல்ஃபா."

டெல்ஃபா நடந்ததைச் சொன்னாள். "நீங்க ஒரு தரம் வந்து சொல்லுங்க. உங்க தாத்தா வெட்டினதுன்னு. உங்க வாயால சொன்னா நம்புவாங்க."

ஒஸெல்லாவின் கை நிற்கவில்லை. "என் வாயால சொல்லி உங்க ஆளுங்க எப்ப நம்பியிருக்காங்க? நம்புற வாய் உங்கிட்டதான் இருந்திச்சு. அன்னிக்கு அதத் தெறந்திருக்கணும்."

"தெரியும்."

"எங்க தாத்தா அந்தக் குழிக்குச் சவுக்கடி வாங்கினாரு. அடிச்சவன் பேத்தி உன் வீட்டுக் கேக்கத் தின்னுட்டுப் போனா. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? இந்தா, சும்மா உக்காந்திருக்காதே, இதுல பாதிய உரி."

டெல்ஃபா உரித்தாள். கூடை காலியாகும்வரை உரித்தாள். புறப்படும்போது மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். ஒஸெல்லா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்லை எடுக்கச் சொல்லி டெல்ஃபா இடுகாட்டுக் கமிட்டியிடம் போனாள். பார்க்கலாம் என்றார்கள். மேட்டை மறுபடி குறுக்கே குவித்தாள். மறு வாரம் யாரோ அதை நேராக்கியிருந்தார்கள். அதன் பிறகு கையில் வலு இல்லை. படுக்கையில் விழுந்ததும் ஜெனெட்டாவைக் கூப்பிட்டாள்.

"என்னையக் குறுக்க வை."

"அம்மா, என்ன பேச்சு இது? ஊர் என்ன நெனைக்கும்?"

"அவரக் குறுக்க வெச்சது அநியாயம். என்னைய வெச்சா நியாயம்."

ஜெனெட்டா அழுதாள், சண்டை போட்டாள், போதகரைக் கூட்டிவந்து பேசவைத்தாள். டெல்ஃபா மசியவில்லை. மகள் கையை அவள் விட்டது, சரி என்று ஜெனெட்டா சொன்ன பிறகுதான்.

குழி வெட்ட வந்தவர்கள் ஜெனெட்டாவிடம் ரெண்டு தரம் கேட்டுத்தான் அளவுக் கயிறு பிடித்தார்கள். டெரல் அடக்கத்துக்கு வந்து, குழி கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். ஹார்மனின் கல் அப்படியே நிற்கிறது; மே மாதமானால் அதில் கொடி ஏறுகிறது. அதற்குப் பக்கத்தில், பீச்சம் முகட்டு இடுகாட்டின் இரண்டாம் வரிசைக் கடைசியில், டெல்ஃபா நெஸ்மித் தெற்கு வடக்காகக் கிடக்கிறாள்.