கிணற்று எண்ணுக்கு மேலே ஒரு கட்டம்

டைப்ரைட்டரில் கட்டம் போடுவதில் காரைக்குடியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்பாள் என் அக்கா. வேறு யாரும் சொல்லாதபோது நான் சொல்லாமல் என்ன செய்வது? அறுபதுகளின் கடைசியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பரீட்சைக்குப் படித்தபோது ஸ்டேட்மென்ட் என்று ஒன்று உண்டு. எட்டுப் பத்தி அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரே தாளில், நடுவாக, கோணாமல் அடிக்கச் சொல்வார்கள். தலைப்பில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை எழுத்து பின்னால் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்கள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போதே நான் அடித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கட்டம்தான் பத்து வருஷம் கழித்து என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அப்போது நான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் டைப்பிஸ்ட். சுற்று வட்டாரக் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, உப்பு எவ்வளவு, குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லும் இடம். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு எண். முந்நூறு கிணறுகளுக்கு மேல் இருந்தன. எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக ஒரு அறைக்கு ஏ.சி. போட்டார்கள். கல்யாண வீட்டுக்கு வருவதுபோல ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூடவே மெட்ராசிலிருந்து ஒரு புரோகிராமரும் வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், கெட்டிக்காரர், அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

பச்சை எழுத்துகள் ஒளிரும் ஒரு திரை, கீழே டைப்ரைட்டர் மாதிரி ஒரு கீபோர்டு. அதற்கு டெர்மினல் என்று பெயர். தண்ணீரைச் சோதிக்கும் அட்டெண்டர்களே அதில் அளவுகளை அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. புரோகிராமர் எழுதிய முறையில் இயந்திரம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். கிணறு எது? பதில் அடித்தால், உப்பு எவ்வளவு? அடித்தால் அடுத்தது. பத்தாவது கேள்விக்கு வரும்போது முதல் கேள்வி மேலே ஓடி மறைந்திருக்கும். எங்கே இருக்கிறோம், எதை அடித்தோம் என்று ஒருவருக்கும் புரியவில்லை. தவறாக அடித்தால் திரும்பிப் போக வழியும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பதுபோல இருக்கிறது என்றார் ஒரு அட்டெண்டர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இவர்கள் பத்து வருஷமாக நான் ஸ்டென்சில் வெட்டிப் பிரதியெடுத்துக் கொடுத்த படிவத்தில்தான் எழுதிப் பழகியவர்கள், அந்தப் படிவத்தையே திரையில் காட்டினால் என்ன என்று கேட்டேன். முடிந்தால் வரைந்து கொண்டு வாருங்கள் என்றார் புரோகிராமர், என்னை அனுப்பிவிடுவதற்காக.

திரையில் இருபத்து நான்கு வரி, வரிக்கு எண்பது எழுத்து. கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள்களை அந்த அளவுக்கு வெட்டி, ஒட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக்கொண்டேன். கோடு போட அந்த இயந்திரத்தில் கோடே கிடையாது. எழுத்தை வைத்துத்தான் எல்லாம். படுக்கைக் கோட்டுக்குச் சிறு கோட்டுக் குறியை வரிசையாக அடுக்கினேன். நிற்கும் கோட்டுக்கு ஆங்கிலத்தின் பெரிய 'ஐ'யை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். இரண்டும் சேரும் மூலையில் கூட்டல் குறி. எண் அடிக்க வேண்டிய இடத்தில், எத்தனை இலக்கமோ அத்தனை புள்ளி. கிணற்று எண்ணுக்கு மூன்று புள்ளி. மூன்றும் நிரம்பினால், அடிக்கும் இடத்தைக் காட்டும் மின்னும் குறி தானாகவே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இரண்டு இலக்கமே என்றால் ஒரு பட்டனைத் தட்டி நகர வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு வரிகூட வீணாக்கவில்லை. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

புரோகிராமர் என் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று நாள் உட்கார்ந்து அதை அப்படியே திரையில் கொண்டுவந்தார். அட்டெண்டர்கள் ஒரே காலையில் பழகிக்கொண்டார்கள். என்னைத் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினார் டைரக்டர். ஆறு மாதம் பார்ப்போம், சரியாக நடந்தால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பழையபடி டைப் அடிக்கப் போக வேண்டியதுதான் என்றார். எனக்கு அந்தத் திரையை விட்டுப் போகக் கொஞ்சமும் மனமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிறர் எழுதியதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். நானே யோசித்துச் செய்த முதல் காரியம் அது.

நாலாவது மாதம் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு ஆச்சி, பித்தளைக் குடத்தைத் தூக்கிய ஆளோடு வந்து இறங்கினார். அவர்கள் ஊர்க் கிணறு உப்பு, குடிக்கக் கூடாது என்று எங்களிடமிருந்து கடிதம் போயிருந்தது. கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். இரண்டு வாரமாகப் பெண்கள் அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். ஆச்சி டைரக்டர் மேஜையில் ஒரு டம்ளரை வைத்தார்.

"குடிச்சுப் பாத்துட்டு நீகளே சொல்லுங்க."

டைரக்டர் குடித்தார். இளநீர் மாதிரி இருந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

பழைய தாள்களைப் புரட்டினோம். கல்லல் பக்கத்தில் ஒரு கிணறு, எண் நாற்பத்தொன்று, உவர். கொத்தமங்கலத்துக் கிணறு இருநூற்று நாற்பத்தொன்று. அட்டெண்டர் கையால் எழுதிய தாளில் நாற்பத்தொன்று என்று தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டரில் இருநூற்று நாற்பத்தொன்று என்று ஏறியிருந்தது. தேடத் தேட இன்னும் ஐந்தாறு அகப்பட்டன. பதினேழு, இருநூற்றுப் பதினேழாகியிருந்தது. எல்லாமே சரியாக இருநூறு கூடுதல்.

படிக்காதவர்களை மெஷினைத் தொடவிட்டால் இப்படித்தான் என்றார் புரோகிராமர். பட்டதாரிகளை ஆபரேட்டராகப் போட வேண்டும், பழையபடி கேள்வி முறையே நல்லது என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும். டைரக்டர் எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் கட்டமும் வேண்டாம், நானும் அந்த அறையில் வேண்டாம்.

நான் அழுதேன், மறைப்பானேன். அழுது முடித்துவிட்டு, தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். தவறு எல்லாமே அன்றன்றைக்கு முதலில் ஏறிய கிணற்றில்தான் இருந்தது. அதுவும் ஒரே அட்டெண்டரின் முறை நாட்களில். அவர் பாட்டில்களை எண் வரிசையில் அடுக்கித்தான் ஆரம்பிப்பார், அதனால் முதலில் ஏறுவது எப்போதும் இரண்டு இலக்கக் கிணறு. அவர் ஆசாரி குடும்பம். எங்கள் பாட்டில் அலமாரிகள் அத்தனையும் அவர் கையால் இழைத்தவை. மயிரிழை பிசகினாலும் பிரித்து மறுபடி செய்கிற மனிதர். அவர் கணக்கில் தவறு என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஏற்கெனவே அவரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். நாற்பத்தொன்றுதான் அடித்தேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

மறுநாள் காலை அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் கைகளைத் துடைத்தார். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். கிணற்று எண் கட்டத்தில் முதல் புள்ளியின் மேல் ஒரு இரண்டை அடித்தார். பிறகு ஐம்பத்தெட்டு. மூன்று புள்ளியும் நிரம்பி, குறி அடுத்த கட்டத்துக்குத் தாவியது. அந்த ரெண்டு எதற்கு அண்ணே என்று கேட்டேன்.

"எந்த ரெண்டு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு சிரித்தார். "அது ரெண்டு இல்லம்மா, பிள்ளையார் சுழி. இந்த மிசின்ல 'உ' ஏது? அதான் அதே சாடையில இருக்குறதப் போட்டேன்."

எந்தத் தாளிலும் தலையில் சுழி போடாமல் ஒரு எழுத்து எழுத மாட்டார். அன்றைய முதல் எண்ணோடு அது முடிந்துவிடும், பிறகு நாள் முழுக்க வேண்டியதில்லை. விசாரணையில் நாற்பத்தொன்று அடித்தேன் என்று அவர் சொன்னது சத்தியம். சுழியை யாராவது எண்ணில் சேர்ப்பார்களா? அதைப் போய்க் கிணற்று எண்ணிலா போடுவது என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"வேற எங்குட்டுப் போடச் சொல்றீக? தாள்னா மேல எடம் இருக்கும். நீங்க ஒரு வரி விடாம அடச்சு வச்சிருக்கீக. நீங்க மட்டும் நாலு மூலைக்கும் சிலுவை வச்சுக்கிட்டீகளே, நான் ஏதாச்சும் கேட்டனா?"

திரையைப் பார்த்தேன். என் கூட்டல் குறிகள் மூலைக்கு மூலை நின்றன. நாங்கள் மாதா கோவில்காரர்கள் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதர் நாலு மாதமாக அவற்றைச் சிலுவை என்றே நினைத்து, பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கடிதம் எழுதும்போது தாளின் உச்சியில் சிறியதாக ஒரு சிலுவை போடாமல் நானும் ஆரம்பிப்பதில்லை. எனக்குத் தாளில் வேண்டியிருந்த இடம் அவருக்குத் திரையில் வேண்டாமா? அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வரியைக்கூட வீணாக்காத என் கெட்டிக்காரத்தனம் ஒரு ஊரின் கிணற்றில் முள்ளைப் போட்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

இன்னொரு அட்டெண்டரிடமும் கேட்டேன். அவர் முஸ்லிம். எதையும் தொடங்கும்முன் பிஸ்மில்லாவுக்காகப் போடும் 786ஐ முதல் நாள் அடித்துப் பார்த்தாராம். அப்படி ஒரு கிணறு இல்லை என்று மெஷின் கத்தியதாம். அதோடு விட்டுவிட்டேன், மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது என்றார்.

புரோகிராமர் சுலபமாக வழி சொன்னார். யாரும் எதுவும் போடக் கூடாது என்று ஒரு சர்க்குலர் அனுப்பினால் தீர்ந்தது. நான் மாட்டேன் என்றேன். தாளை மறுபடி விரித்தேன். இரண்டு தலைப்பு வரிகளை ஒன்றாக்கினேன். கிணற்று எண்ணுக்கு மேலே, திரையின் உச்சியில், நட்ட நடுவில், மூன்று புள்ளியோடு ஒரு சின்னக் கட்டம். சுழிக்கு ஒன்று போதும். 786க்கு மூன்று வேண்டும். படிவம் திறந்ததும் குறி அங்கேதான் நிற்கும். அதில் எதை அடித்தாலும் இயந்திரம் வாங்கிக்கொள்ளும், எங்கேயும் பதியாது. எதையும் பதியாத கட்டத்துக்குப் புரோகிராம் எழுதச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார் புரோகிராமர். ஆனாலும் எழுதினார்.

வாரம் முடிந்த அன்று டைரக்டர் வந்தார். அவர் கோவில் வாசலையும் சர்ச் வாசலையும் ஒரே வேகத்தில் தாண்டிப் போகிறவர். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைக்கும் நாளில் லீவு போட்டுவிடுவார். அவரிடம் போய்ச் சாமி கும்பிட ஒரு கட்டம் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தவறு அட்டெண்டருடையது இல்லை, நான் வரைந்த படிவத்தில் இருந்தது என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஆசாரி அண்ணன் கதவோரம் நின்றார்.

டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிவம் திறந்தது. உச்சிக் கட்டத்தில் குறி மின்னிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதையும் அடிக்காமல் பட்டனை மட்டும் தட்டினார். குறி ஒரு மறுப்பும் சொல்லாமல் கிணற்று எண்ணுக்கு இறங்கியது.

"ஒண்ணும் போடாட்டியும் போகுதே," என்றார்.

"போகும் சார். போடுறவங்களுக்கு இடம் இருக்கு. போடாதவங்களை நிறுத்தாது."

அவர் நாற்பத்தொன்று என்று அடித்துப் பார்த்தார். நாற்பத்தொன்றாகவே நின்றது. எழுந்து, கொத்தமங்கலத்துக்குத் தானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். கதவருகே நின்று, ஆசாரி அண்ணனிடம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மாலையே என்னைக் கம்ப்யூட்டர் அறைக்கு நிரந்தரமாக மாற்றி உத்தரவு எழுதிக் கொடுத்தார். அதை டைப் அடிக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நானே உட்கார்ந்து, தலைப்பை எண்ணிப் பாதியாக்கி, நட்ட நடுவில், ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன்.